மூட்டுக்குள் ஒடிந்த முள்ளைக் கண்டறிவது எப்படி?

விவசாயம் செய்பவருக்கு முள் புதிதல்ல. வேலி அடைக்கும்போதும், சீமைக் கருவேலம் வெட்டும்போதும், ஈச்ச மட்டை கழிக்கும்போதும், எலுமிச்சை பறிக்கும்போதும், மூங்கில் பிளக்கும்போதும் கையிலோ காலிலோ முள்ளோ சிராயோ ஏறிவிடுகிறது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்கிறோம். பெரும்பாலும் இரண்டொரு நாளில் புண் ஆறியும் விடுகிறது.

ஆனால் முள்ளின் நுனி ஒடிந்து மூட்டுக்குள் தங்கிவிட்டால் நிலைமை வேறு. மேல்தோல் ஆறிவிடும், உள்ளே முள் இருக்கும். சில வாரங்கள் கழித்து மூட்டு வீங்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், எலும்பு நன்றாக இருக்கிறது, முள் எதுவும் தெரியவில்லை என்று முடிவு வரும். அத்துடன் முள்ளைப் பற்றிய பேச்சே நின்றுவிடுகிறது. வாதம் என்று சில மாதம் மருந்து, வீக்கத்துக்கு ஊசி, பிறகு வேறு ஊர், வேறு டாக்டர் என்று காலம் ஓடுகிறது. பணமும் வேலை நாளும் வீணாவதுடன், மூட்டில் உள்ள குருத்தெலும்பு அரிக்கப்பட்டு, மடக்க முடியாத விரலோ முழங்காலோ மிஞ்சவும் கூடும்.

இந்த இழப்பைத் தவிர்க்க உழவர் பெருமக்கள் ஒரு செய்தியை அறிந்திருக்க வேண்டும். எக்ஸ்ரே படத்தில் முள் தெரியவில்லை என்றால் முள் இல்லை என்று பொருளல்ல. மரத்தையும் முள்ளையும் காட்டுவதற்கு வேறு முறைகள் உள்ளன. அவை எவை, எப்படி வேலை செய்கின்றன, எப்போது கேட்டுப் பெற வேண்டும் என்பதைக் கீழே காண்போம்.

மூட்டுக்குள் முள் நுழைந்தால் நடப்பது என்ன?

இரண்டு எலும்புகள் சேரும் இடம் மூட்டு. அதைச் சுற்றிப் பை போன்ற ஓர் உறை உண்டு. உறையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு இருக்கிறது. இச்சவ்வு சுரக்கும் வழவழப்பான நீர், வண்டி அச்சுக்கு இடும் மசகு போல மூட்டு தேயாமல் இயங்க உதவுகிறது.

விரல் மூட்டுகளில் இந்த உறை தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. மூட்டை மடக்கியிருக்கும்போது அதன் மேல் தோல் இன்னும் இறுகி மெலிகிறது. ஆகவே அரிவாளையோ கிளையையோ இறுகப் பிடித்திருக்கும் கையில் சிறு முள் தைத்தாலும் மூட்டுக்குள் சென்றுவிடலாம். முழங்காலில் மூட்டுப் பை முட்டிச் சில்லுக்கு மேலும் சில விரற்கடை தூரம் பரவியிருக்கிறது. முட்டிக்கு மேலேதானே தைத்தது, மூட்டுக்கு என்ன ஆகும் என்று எண்ணுவது சரியல்ல.

உள்ளே தங்கிய முள்ளை உடலால் கரைக்க முடிவதில்லை. சவ்வு அதைப் பகையாகக் கருதித் தடிக்கிறது, நீரை அதிகம் சுரக்கிறது. இதனால் மூட்டு வீங்குகிறது. இதில் சீழ்க்கிருமி இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் கிருமிக்கொல்லி மருந்து சாப்பிட்டும் வீக்கம் முழுவதும் வற்றுவதில்லை. சில வேளைகளில் செடியிலும் மண்ணிலும் உள்ள பாக்டீரியாக்களும் முள்ளுடன் உள்ளே சென்று சீழ் பிடிக்கச் செய்கின்றன.

இந்நோய் பெரும்பாலும் மூன்று கட்டங்களாக வருகிறது.

1. முள் தைத்தவுடன் வலியும் சிறு வீக்கமும் தோன்றும். ஓரிரு நாளில் குறையும்.
2. அதன்பின் சில நாள் முதல் பல வாரம் வரை தொந்தரவு இராது. முள் தைத்ததே மறந்துபோகும்.
3. பிறகு அந்த ஒரு மூட்டு மட்டும் வீங்கும். மருந்து உண்ணும்போது குறையும், நிறுத்தினால் மீண்டும் வரும்.

இரண்டாவது கட்டமே ஆளை ஏமாற்றுவது. வீக்கம் வரும்போது முள்ளின் நினைவு யாருக்கும் வருவதில்லை. ஆகவே மூட்டுக் காசநோய் என்றோ முடக்குவாதம் என்றோ கருதிச் சிகிச்சை தொடங்க இடமுண்டு. குழந்தைகளிடம் இத்தொல்லை இன்னும் அதிகம். முள் குத்தியதைப் பயந்து வீட்டில் சொல்லாமல் விடுவார்கள். தைத்த இடத்தையும் சரியாகக் காட்டத் தெரியாது.

மண்ணில் உள்ள சில பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் முள் வழியாகப் பாதத்தில் நுழைந்து, பல ஆண்டுகளில் கட்டியும் துளைகளுமாகப் பாதத்தைச் சிதைப்பதுண்டு. இந்நோயை 1842ஆம் ஆண்டில் மதுரையில் பணியாற்றிய கில் என்ற டாக்டர் பதிவு செய்தார். அதனால் 'மதுரா கால்' என்ற பெயர் உலக மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டது. சிறு முள்தானே என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு நம் மண்ணின் பெயரைத் தாங்கிய இந்த நோயே சான்று.

எக்ஸ்ரே படத்தில் முள் ஏன் தெரிவதில்லை?

எக்ஸ்ரே கதிர்களை 1895ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ராண்ட்ஜன் என்ற அறிவியலார் கண்டுபிடித்தார். இக்கதிர்கள் உடலை ஊடுருவிச் செல்கின்றன. வழியில் அடர்த்தியான பொருள் இருந்தால் தடுக்கப்படுகின்றன. படத்தில் நாம் காண்பது அந்தத் தடுப்பினால் விழும் நிழலே ஆகும். எலும்பில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. ஆகவே வெள்ளையாகத் தெரிகிறது. ஆணி, கம்பி, கல், கண்ணாடித் துண்டு ஆகியவையும் தெரிகின்றன.

முள்ளும் மரமும் கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய இலேசான தனிமங்களால் ஆனவை. நமது தசையும் பெரும்பகுதி நீரும் இதே தனிமங்களும் கொண்டதே. இரண்டுக்கும் நிழலில் வேறுபாடு இல்லை.

விதை நெல்லை உப்புக் கரைசலில் கொட்டித் தேர்வு செய்யும் முறையை நீங்கள் அறிவீர்கள். பதர் மிதக்கிறது, திரண்ட மணி மூழ்குகிறது. அடர்த்தியில் வேறுபாடு இருப்பதால் பிரிக்க முடிகிறது. இரண்டும் ஒரே அடர்த்தியாக இருந்தால் கரைசலால் பிரிக்க முடியுமா? தசைக்குள் இருக்கும் முள்ளைப் பொறுத்தவரை எக்ஸ்ரேயின் நிலையும் இதுதான்.

மற்றொன்றும் உண்டு. நன்கு காய்ந்த மரத்துக்குள் காற்று நிறைந்திருக்கும். தைத்த முதல் நாளில் அக்காற்று காரணமாக ஒரு கரிய கீற்றுப் போல அது படத்தில் தெரிய வாய்ப்புண்டு. ஆனால் காய்ந்த கட்டை குளத்தில் முதலில் மிதந்து, ஊறியபின் மூழ்குவது போல, உடலுக்குள் இருக்கும் முள்ளும் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அதன்பின் அந்தக் கீற்றும் மறைந்துவிடும்.

அப்படியானால் எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா? எடுக்கத்தான் வேண்டும். எலும்பு முறிவு, உலோகத் துண்டு, கண்ணாடி, நாட்பட்ட முள்ளால் எலும்பில் ஏற்பட்ட அரிப்பு ஆகியவற்றை அது காட்டும். முள் இல்லை என்று சான்று கூறும் வேலையை மட்டும் அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.

ஒலி அலையால் காணும் முறை

அல்ட்ராசவுண்டு ஸ்கேன் என்றால் கர்ப்பிணிகளுக்கும் வயிற்று வலிக்காரர்களுக்கும் உரியது என்ற எண்ணம் கிராமங்களில் பரவியிருக்கிறது. மூட்டிலும் தசையிலும் உள்ள முள்ளைக் காண்பதற்கு முதலில் நாட வேண்டியதும் இதுவே ஆகும்.

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. ஸ்கேன் கருவியும் இப்படித்தான் வேலை செய்கிறது. நம் காதுக்குக் கேட்காத நுண்ணொலியை உடலுக்குள் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. இதில் அடர்த்தி மட்டுமின்றி, இரண்டு பொருள்கள் சேரும் எல்லையும் முக்கியம். தசையும் முள்ளும் சேரும் எல்லையில் ஒலி பலமாகத் திருப்பப்படுகிறது. ஆகவே எக்ஸ்ரே கதிர்கள் காட்டாமல் விட்ட முள்ளை ஒலி காட்டிவிடுகிறது.

திரையில் முள் ஒரு பளிச்சென்ற வெள்ளைக் கோடாகத் தெரியும். அதன் பின்புறம் கரிய நிழல் விழும். முள் தைத்து ஒருநாளுக்கு மேல் ஆகியிருந்தால், அதைச் சூழ்ந்த நீராலும் அழற்சியாலும் கோட்டைச் சுற்றிக் கரிய வளையம் ஒன்றும் காணப்படும். மூட்டில் நீர் கோத்திருப்பதும் சவ்வு தடித்திருப்பதும் கூடவே தெரியும்.

எவ்வளவு சிறிய முள் தெரியும்? வயிற்றைப் பார்க்கும் முனையில் ஒலி நொடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் முறை அதிர்கிறது. அது ஆழமாகச் செல்லும். ஆனால் நுண்மை குறைவு. விரல், மூட்டு போன்ற மேல்மட்ட உறுப்புகளுக்கு நொடிக்கு 1 கோடி முறை அளவில் அதிரும் நேர்முனையைப் பயன்படுத்துகிறார்கள். உடலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் செல்வதால், ஓர் அலையின் நீளம் சுமார் 0.15 மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே ஓரிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள முள்நுனியைக்கூட அனுபவமுள்ளவர் காண இயலும்.

இந்த ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் செல்ல வேண்டியதில்லை. சிறுநீரை அடக்கி வைக்கவும் வேண்டியதில்லை. கதிர்வீச்சு இல்லை, ஆதலால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றது. தோல் மேல் பசை தடவி முனையை நகர்த்திப் பார்ப்பார்கள். விரலை மடக்கச் சொல்லியும், நோயில்லாத மறுபக்க மூட்டோடு ஒப்பிட்டும் பார்ப்பதுண்டு. முள் இருக்கும் இடத்துக்கு நேரே தோலில் குறியிட்டும் தருவார்கள். அறுவைச் சிகிச்சை செய்பவருக்கு இக்குறி பேருதவியாகும்.

இதற்கும் குறைகள் உண்டு. எலும்புக்குப் பின்னால் மறைந்த முள்ளை ஒலி காட்டாது. ஊசியால் புண்ணைக் கிளறியிருந்தால் உள்ளே புகுந்த காற்றுக் குமிழிகள் முள் போலவே பளிச்சிட்டு ஏமாற்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தே முடிவு அமையும். முள் தைத்த செய்தியைச் சொல்லாமல் 'மூட்டு வலி' என்று மட்டும் எழுதிச் சீட்டுக் கொடுத்தால், அவர் முள்ளைத் தேடாமலே விட்டுவிடலாம்.

சி.டி., எம்.ஆர்.ஐ. எப்போது தேவை?

சி.டி. ஸ்கேன் என்பது எக்ஸ்ரே கதிர்களைச் சுற்றிலும் இருந்து செலுத்தி, உடலை வாழைக்காய்ச் சீவல் போலக் குறுக்கு வெட்டுகளாகக் காட்டும் முறையாகும். இதை உருவாக்கிய ஹவுன்ஸ்பீல்டும் கார்மாக்கும் 1979ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். இதில் நீருக்கு 0 என்றும் காற்றுக்குக் கழித்தல் 1,000 என்றும் மதிப்பெண் உண்டு. காய்ந்த மரம் காற்றை ஒட்டிய மதிப்பெண் பெற்று, படத்தில் காற்றுக் குமிழி போல் கருப்பாகத் தோன்றும். குமிழி உருண்டையாக இருக்கும். முள்ளோ நேரான விளிம்புடன் நீண்டிருக்கும். நாள் செல்லச் செல்ல முள் நீரில் ஊறுவதால் அதன் மதிப்பெண் ஏறிக்கொண்டே போகும். எனவே தைத்து எத்தனை நாள் ஆயிற்று என்பது படத்தைப் படிப்பவருக்குத் தெரிய வேண்டும். எலும்புக்குப் பின்னாலோ ஆழத்திலோ முள் இருக்கலாம் என்ற ஐயம் வரும்போது சி.டி. பயன்படுகிறது.

எம்.ஆர்.ஐ. முறையில் காந்த விசை பயன்படுகிறது, கதிர்வீச்சு இல்லை. முள் கருப்பாகவும், சுற்றியுள்ள அழற்சி தெளிவாகவும் தெரியும். சவ்வு, குருத்தெலும்பு, எலும்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறிய இதுவே சிறந்தது. எனினும் மிகச் சிறிய முள் அழற்சியின் நடுவே கண்ணுக்குத் தப்பிவிடலாம். இதயத்துக்குக் கருவி பொருத்தியவர்களும், கண்ணில் இரும்புத் துகள் பட்டவர்களும், உடலில் உலோகம் உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பட்டறை வேலையும் செய்யும் விவசாயிகள் இதை மறக்கலாகாது.

முறைகளின் வரிசை

1. முதலில் எக்ஸ்ரே: எலும்பு, உலோகம், கண்ணாடி, கல் பற்றி அறிய.
2. அடுத்து அல்ட்ராசவுண்டு: முள், சிராய் பற்றி அறிய.
3. ஐயம் தீராவிடில் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.: ஆழத்தில் மறைந்த முள்ளையும் மூட்டின் சேதத்தையும் அறிய.

எல்லாருக்கும் மூன்றும் தேவைப்படுவதில்லை. எது தேவை என்பதை டாக்டரே முடிவு செய்வார். எந்தப் படத்திலும் முள் தெரியாமல், மூட்டைத் திறந்து பார்த்தபோது மட்டும் அகப்பட்ட நிகழ்ச்சிகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. எனவே படம், மூட்டின் நிலை, நீங்கள் சொல்லும் செய்தி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு எடுக்கப்படும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

உங்கள் பங்கு இங்கேதான் இருக்கிறது. கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும் தேட வேண்டியது எது என்று தெரிந்தால்தான் பயன். ஒரு மூட்டு மட்டும் காரணம் புரியாமல் வீங்கினால், கடந்த சில மாதங்களில் முள் தைத்ததா என்று நினைத்துப் பாருங்கள். பின்வருவனவற்றைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள்.

1. முள் தைத்த நாள், தைத்த இடம், எந்தப் பக்கமிருந்து ஏறியது என்பது.
2. எந்த மரம் அல்லது செடியின் முள், காய்ந்ததா பச்சையா என்பது.
3. பிடுங்கியபோது முழுதாக வந்ததா, நுனி ஒடிந்திருந்ததா என்பது.
4. பிடுங்கிய முள் இருந்தால் அதையே தாளில் மடித்து எடுத்துச் செல்லுங்கள். இல்லையெனில் அதே மரத்தின் முள் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். நீளமும் பருமனும் தெரிந்தால் தேடுவது எளிது.
5. இதுவரை சாப்பிட்ட மருந்து, போட்ட ஊசி, எடுத்த படங்கள். வீக்கம் வற்ற மூட்டுக்குள் ஊசி போட்டிருந்தால் அதையும் தவறாமல் சொல்லுங்கள்.

பிறகு, "எக்ஸ்ரேயில் முள் தெரியாது என்கிறார்களே, அல்ட்ராசவுண்டு பார்க்கலாமா ஐயா?" என்று தயங்காமல் கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஸ்கேன் கருவிகளை 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற இடங்களில் மட்டுமே வைத்திருக்க முடியும். ஆகவே சிறு மருத்துவமனையில் வசதி இல்லையெனில், எங்கே செல்வது என்று கேட்டு, பரிந்துரைச் சீட்டில் 'முள் தைத்தது' என்ற குறிப்பையும் எழுதி வாங்கிச் செல்வது நலம்.

முள்ளை நீக்கும் முறை

மூட்டுக்குள் உள்ள முள்ளுக்கு மருந்து மட்டும் போதாது. அதை வெளியே எடுப்பதே தீர்வு. முள் துண்டு துண்டாகச் சிதறியிருக்கலாம். ஆகவே முள்ளுடன் அழற்சி கண்ட சவ்வையும் நீக்கி மூட்டைக் கழுவுவார்கள். முழங்கால் போன்ற பெரிய மூட்டுகளில் சிறு துளைகள் வழியே கருவியைச் செலுத்திச் செய்யும் முறையும் உள்ளது. எடுத்த சவ்வைப் பரிசோதனைக்கு அனுப்பினால், அதில் மரத்தின் துகள்கள் உள்ளனவா, கிருமி உண்டா, காசநோயா என்பது உறுதியாகும். முள்ளும் கெட்ட சவ்வும் நீங்கிய பின் வீக்கம் பெரும்பாலும் வற்றிவிடுகிறது.

முள் தைத்தவுடன் செய்ய வேண்டியவை

1. சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். நெடுநேரம் நீரில் ஊற வைக்காதீர்கள்; மரச் சிராய் ஊறிப் பருத்து நொறுங்கும்.
2. முள் வெளியே தெரிந்தால், ஏறிய திசையிலேயே நேராக இழுத்து எடுங்கள். நுனி முழுதாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.
3. உள்ளே ஒடிந்திருந்தால் ஊசியாலோ வேறு முள்ளாலோ கிளறாதீர்கள்.
4. எருக்கம் பால், சுண்ணாம்பு, சாணம் முதலியவற்றை இடாதீர்கள். இவை புண்ணாக்கும், முள்ளை வெளியே இழுத்து வராது.
5. ரண ஜன்னித் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே போட்டுக்கொள்ளுங்கள்.
6. நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து மூட்டு வீங்கினால் இந்தக் குறிப்பு உதவும்.

மூட்டு சிவந்து சூடாகி, காய்ச்சலுடன் அசைக்கவே முடியாமல் வலித்தால் காத்திருக்கக் கூடாது. சீழ் பிடித்த மூட்டில் குருத்தெலும்பு சில நாட்களிலேயே அழியத் தொடங்கும். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால் முள் தைத்ததே தெரியாது. அவர்கள் நாள்தோறும் மாலையில் பாதத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

வருமுன் காத்தல்

முள் வெட்டும்போது கையால் பிடிக்காமல் கவைக்கம்பால் தள்ளுங்கள். தடித்த தோல் கையுறையும், கனத்த அடிப்பாகம் உள்ள செருப்பும் அணியுங்கள். முழங்கால் ஊன்றிச் செய்யும் வேலைக்குச் சாக்கை மடித்து விரித்துக்கொள்ளுங்கள். வெட்டிய முள்ளை வண்டிப்பாதையிலும் வரப்பிலும் போட்டுவிடாமல் ஒதுக்கி அடுக்குங்கள். குழந்தைகள் முள் குத்தியது என்று வந்து சொன்னால் அதட்டாதீர்கள், சொன்னால்தானே தெரியும்.

முள் தைப்பதை முற்றிலும் தவிர்க்க முடியாது. ஆனால் ஒடிந்த முள்ளோடு மாதக்கணக்கில் நடமாடுவதைத் தவிர்க்க முடியும். ஆறாத ஒற்றை மூட்டு வீக்கம் கண்டால் முள்ளை நினையுங்கள். எக்ஸ்ரேயோடு நின்றுவிடாமல் ஒலி அலை ஸ்கேனையும் கேட்டுப் பெறுங்கள். ஏர் பிடிக்கும் கையும் வரப்பில் நடக்கும் காலும் நலமாக இருந்தால்தான் விளைச்சலும் வீடும் நலமாக இருக்கும்.